149

வினைல் கையுறை கூடாது. கைக்குக் களிம்பு கூடாது.
கண்ணாடிக் குப்பிகளை
நானூறு பாகையில் இரவெல்லாம் சுட்டு
அலுமினியத் தாளால் வாய் கட்டி வைத்தேன்.

வரிசையில் நிற்கின்றன
தோ பாயோ புளோக் ஒன்றின் குழாய்நீர்,
லிச்சி பானம் இரண்டு,
துவாஸ் கிடங்கு வெயிலில் மூன்று வாரம் வெந்த
போத்தல் தண்ணீர்.
அவற்றுக்கு இன்னும் முறை வரவில்லை.

முதலில் ஓடுவது வெற்று மாதிரி,
எதுவுமே சேர்க்காதது.
ஹைருல் அதைக் கோசோங் என்பான்.

கோசோங்கில் முளைக்கிறது ஒரு முனை.
149.
சின்னதுதான். கோட்டின்மேல்
கொசு உட்கார்ந்தது போல.

கரைப்பானை மாற்றினேன், ஊசியை மாற்றினேன்,
புட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பக்கத்து அறையில் புதுத் தரை ஒட்டுகிறார்கள்,
காற்றிலேயே வந்திருக்கும் என்று
மூக்கைச் சுருக்கினான் ஹைருல்.
கொசு எழவில்லை.

ஒன்பதரைக்குக் கீழே இறங்கி
தே ஓ கோசோங், பொட்டலம் என்றேன்.
கொதிக்கக் கொதிக்கப் பையில் ஊற்றி
சிவப்புக் கயிற்றால் சுருக்கிட்டு
என் விரலில் மாட்டிவிட்டார் திருவாட்டி சியூ.

இந்தப் பையில் அது இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
இதை மாதிரியென்று
யாரும் கொண்டுவந்து தந்ததில்லை.

வெற்றில் வந்ததை விடையில் கழி என்பது விதி.
ரயிலில் குடித்தால் அபராதம் என்பதும் விதி.
ஜூரோங் ஈஸ்ட் வரை
விரலில் ஆடிக்கொண்டே வருகிறது,
மெல்ல ஆறியபடி,
கோசோங்.