சாகாத செடி எது

புது வீட்டுச் சாவி கைக்கு வந்து மூன்று வாரம்.
வாசலில் பத்தடிக்குப் பதினாறு.
மண் என்று சொல்ல முடியாது.
கட்டியவன் விட்டுப்போன சிமெண்டுக் கட்டி,
உடைந்த ஓடு, ஒற்றைக் கையுறை,
அதற்கடியில் பகாவ் செம்மண்.
வெயிலில் செங்கல், மழையில் களி.

பக்கத்து வீட்டுப் பிரேமாதேவி ரோஜா என்கிறாள்.
ரோஜாவுக்கு இரண்டு வேளை தண்ணீர்,
முட்டை ஓடு, டீத்தூள்,
பூச்சிக்கு வாரம் ஒரு தெளிப்பு.
தெளிப்பு என்றதுமே
என் வலது கை தானாக மடங்குகிறது
விசையைப் பிடிக்க.

பத்தொன்பது வருஷம் முதுகில் பம்பு,
பதினெட்டு லிட்டர்,
செம்பனை நிரை நிரையாக.
எது எத்தனை நாளில் சாகும் என்று
என்னைக் கேளுங்கள்.
புல் மஞ்சளாக நான்கு நாள்.
பெரணி கருக ஒரு வாரம்.
லாலாங் மட்டும் செத்ததுபோல் படுத்திருந்து
அடுத்த மாதம் ஊசி ஊசியாய் எழும்,
கூலி பாக்கி கேட்க வந்தவனைப் போல.

ஆகவே நர்சரியில் கோக் வேங்
"கவனிக்காமலே வளரணுமா அக்கா?" என்று
ஒவ்வொரு தொட்டியாய்த் தட்டிக் காட்டியபோது
பூவை விட்டுவிட்டு வேரைக் கேட்டேன்.
பண்டான், வாய்க்கால் ஓரத்துக்கு.
செராய், குழம்புக்கும் கொசுவுக்கும்.
காகிதப்பூ ஒன்று:
தண்ணீர் அதிகம் விட்டால்தான் அது கோபித்துக்கொள்ளும்.
இட்லிப்பூ வேண்டாம், கத்திரிக்கோல் கேட்கும்.
"வீட்டுக்கடன் முப்பது வருஷம்,
இதெல்லாம் அதுவரை நிற்குமா?"
"நான் நிற்பேனா என்றே தெரியாது" என்று சிரித்தான்.
இருபத்தாறு வெள்ளி.

ஒன்று மட்டும் அவனிடம் இல்லை.
"அதெல்லாம் விற்கிற செடியா அக்கா?"

தோட்டத்து ரோட்டோரம் வரிசையாய் நிற்கும்,
வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் கறுப்புப் பொட்டு.
எட்டு மணிப் பூ.
காலை எட்டுக்கு விரிந்து உச்சிக்குள் மூடிவிடும்.
அதில் தேன் குடிக்க வரும் குளவி
செம்பனை ஓலை தின்னும் புழுவைக் கொல்லுமாம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே
மண்டோர் வீராச்சாமி சொன்னது:
"இது மேல ஒரு சொட்டு பட்டாலும் சம்பளத்தில் பிடிப்பேன்."
பத்தொன்பது வருஷத்தில்
பம்பு மூக்கைத் திருப்பிக்கொண்டு
நான் கடந்த ஒரே செடி.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் போனேன்.
பங்களாதேஷ் பையன் ஒருவன் என் நிரையில்
என் பம்பு போலவே ஒன்றைச் சுமந்து வந்தான்.
ரோட்டோரம் வந்ததும் மூக்கைத் திருப்பினான்.
அவனுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
முகமூடி போடு என்று சைகை காட்டினேன்.
என் நகத்தைக் காட்டினேன்.
தலையாட்டினான், போடவில்லை.
ஏழு குச்சி ஒடித்துக்கொண்டேன்.

சிமெண்டுக் கட்டிக்கு நடுவே ஊன்றியதில்
இரண்டு கருகிவிட்டது.
ஐந்து பிடித்துக்கொண்டது.
உரம் இல்லை, தெளிப்பு இல்லை,
மழை பெய்தால் தண்ணீர்.

எதிர்வீட்டுத் தொட்டி நிழலால்
எங்கள் வாசலில் எட்டு மணிப் பூ
எட்டே முக்காலுக்குத்தான் விரிகிறது.
நானும் அப்போதுதான்
கோப்பியோடு வெளியே வருகிறேன்.
பெரட்டுக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை
எங்கள் இரண்டு பேரையும்.