ஒரே விலாசம்

"அவ உள்ள வந்தாத்தான் அணையுது" என்றார்
உமையாள் ஆச்சி, சிங்கப்பூரில் ஏதோ ஒரு ரயிலுக்குள்
வாயைப் பொத்திப் பேசுகிற குரலில்.
காலை ஆறு மணிக்கு
வெள்ளைக்கண்ணு பூட்டைத் திறந்ததும்
இரண்டாம் கட்டு கேமரா கறுத்துவிடுகிறதாம்.
கூட்டி முடித்து அவள் கிளம்பியதும்
ஒன்றுமே நடக்காததுபோல் முற்றம் திரும்பி வருகிறதாம்.
"என்ன பண்றான்னு பாத்துச் சொல்லுங்க, சாதிக்.
பித்தளையெல்லாம் அந்தக் கட்டுலதான் இருக்கு."

வண்டியில் ஏணியைக் குறுக்கே கட்டிக்கொண்டு
புதுவயலிலிருந்து பள்ளத்தூர் போனேன்.
இந்தத் தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்கதவு.
ஏழு புள்ளிக்கு ஏழு அறை, ஏழு பூட்டு.
பொதுவில் இருப்பது வைஃபை மட்டும்.
அதன் மாதப் பணமும் ஏழாகப் பிரியும்.

கேமராவில் கோளாறு இல்லை.
வயரை எலி கடிக்கவில்லை.
கண்ணாடியில் சிலந்திகூட இல்லை,
அவள் துடைத்து வைத்திருந்தாள்.

லேப்டாப்பைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன்.
192.168.1.64.
நான்தான் கொடுத்த எண், மூன்று வருடத்துக்கு முன்.
பிங் அடித்தேன்.
பதில், பதில், நேரம் கடந்தது, பதில்.
ஏணியில் ஏறி வயரைப் பிடுங்கினேன்.
இறங்கி வந்து மறுபடி அடித்தேன்.

பதில்.
பதில்.
பதில்.

பிடுங்கிய வயர் என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கிறது.
அந்த எண்ணிலிருந்து யாரோ
"இருக்கேன், இருக்கேன்" என்கிறார்கள்.
ஆளில்லாத வீட்டில் இதைக் கேட்க
கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

ஆளில்லாமல் இல்லை.
ஆல்வீட்டுப் பக்கம் வெள்ளைக்கண்ணு விளக்குமாற்றோடு.
இடுப்பில் சுருக்குப்பை,
சுருக்குப்பைக்குள் மகன் வாங்கிக்கொடுத்த போன்,
போனில் சத்தமில்லாமல் ஓடும் சீரியல்.
"அக்கா, அந்த போனைக் கொஞ்சம் அணைங்க."
அணைத்தாள்.
நேரம் கடந்தது. நேரம் கடந்தது. நேரம் கடந்தது.

போன மாதம் இடி இறங்கி ரூட்டர் கருகியது.
கம்பெனிக்காரன் புதுசு வைத்துவிட்டுப் போனான்.
யார் முன்னமே குடியிருக்கிறார்கள் என்று
புதுசுக்குத் தெரியாது.
வந்தவளுக்கு அறுபத்து நாலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.
ஆச்சி முற்றத்தைத் தேடி அழுத்தும்போதெல்லாம்
அந்தத் தட்டல் போய் விழுந்தது
வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே
ஒரு சுருக்குப்பைக்குள்.

"பாஸ்வேர்டு யாரு குடுத்தா?"
"நாச்சியப்பன் தம்பி, பொங்கலுக்கு வந்தப்ப."
பிறகு, விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே:
"சொல்லிருவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. வேலை இருந்தது.
ரூட்டருக்குள் போய்
இனிமேல் கொடுப்பதானால் நூறிலிருந்து கொடு என்றேன்.
அறுபத்து நாலைக் கேமராவின் பேரில் எழுதிவைத்தேன்.
வயரைச் சொருகினேன்.
அவள் போனை ஏற்றச் சொன்னேன். நூற்று ஒன்று வந்தது.

ஆச்சிக்குப் போன் போட்டு
"ஒரே விலாசத்துல ரெண்டு பேரு" என்றேன்.
அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.
"எங்கப்பா செக்கு பூராம்
சித்தப்பா கணக்குல விழும். ஒரே விலாசம், ஒரே பேரு.
ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமக் கிடந்தாக"
என்று சிரித்தார்.
வெள்ளைக்கண்ணு பற்றி ஒரு வார்த்தை வரவில்லை,
சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து.

மறுநாள் குறுஞ்செய்தி:
"படம் நல்லாத் தெரியுது.
லிஸ்ட்டுல பிரிண்டர்னு ஒண்ணு காட்டுதே.
நம்ம வீட்டுல பிரிண்டர் ஏது?"

நான்தான் அந்தப் பெயரை வைத்தேன்.
காலை ஆறுக்கு வந்து, ஒன்பதுக்குப் போய்,
மாலை நாலுக்குத் திரும்பி வரும் பிரிண்டர்.
என்ன எழுதுவது என்று
கடைக்கு வெளியே நின்று யோசித்தேன்.
"பழசு ஆச்சி. கணக்குல இருக்கட்டும்.
அதால ஒரு தொந்தரவும் இல்லை."

இரண்டு நீல டிக் விழுந்தது.
அதற்குப் பிறகு இன்னும் ஒன்றும் வரவில்லை.