மண்டூர்ப் பாதை

கொம்பு வளைந்த சைக்கிள்.
தண்டில் ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர், பாதி உரிந்து.
கிணறு கட்ட வந்த எஞ்சினியர்
விமானம் ஏறும் கிழமை விற்றுவிட்டுப் போனது.
அவன் ஊரில் இதில் ஏறினால்
திராட்சைத் தோட்டம், மணிக்கூண்டு, கோட்டை,
மறுபடி திராட்சைத் தோட்டம் என்று
நாள் முழுக்கப் போகலாமாம்.
கோட்டை என்னிடமும் உண்டு.
ஒல்லாந்தன் மதிலுக்குள் கச்சேரி,
கச்சேரிக்குள் என் மேசை,
மேசையில் காணிக் கோப்புகள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அது என் முதுகுக்குப் பின்னால்.

ஐந்தேகாலுக்குக் கல்லடிப் பாலம்.
வலை இழுப்பவர் ஒருவரும் நிமிரவில்லை.
காத்தான்குடியில் சுபஹு முடிந்து
செருப்புகள் கலையும் நேரம்,
பேரீச்சைகளுக்கு அடியில் பாண் வாசனை.
ஆரையம்பதியில் வலப்பக்கம் திரும்பும்போது
ஒரு நாய் கடமைக்குத் துரத்தியது.

மண்முனைப் பாலம் தொடங்கும் இடத்தில்
கால் தானாக நிலத்தை மிதித்தது.
நான் சொல்லவில்லை.
இதே துறையில்தான்
இறங்கு, தள்ளு, பையைத் திற,
சாப்பாட்டுப் பெட்டியையும் திற என்று
ஆறு வருசம்.
காவலரண் இருந்த மண்ணில் இப்போது
ஒருத்தி தராசு வைத்து நண்டு நிறுக்கிறாள்.
"வாங்குறீங்களா?"
வாங்குவதற்கே நின்றவள் போல
விலை கேட்டேன்.

படுவான்கரை.
பொழுது படுகிற கரை.
விடியலில் அங்கே போகிறவளுக்கு
முன்னால் போவது சொந்த நிழல்தான்;
எவ்வளவு மிதித்தும்
முன்சில்லு அதன் தலையை எட்டவில்லை.
கொக்கட்டிச்சோலையில்
பறங்கியன் பார்க்கப் புல் தின்ற கல் நந்தி
கோயிலுக்குள் இருந்துகொண்டது.
தெருவில் நின்றதெல்லாம் உயிர் மாடு.
பழுகாமம் தாண்ட
நிழல் வலப்பக்கம் வந்து கூடவே ஓடியது.
மாசி மாதம்.
தார் ரோட்டில் பாதி, காயப்போட்ட நெல்லுக்கு.
மீதியில் எருமைகள்.
மீதியின் மீதியில் நான்.

வெல்லாவெளிக்கு இப்பால்
பின்சில்லு சீறி அடங்கியது.
ஒட்டுத் துண்டு பையில், பம்ப் வீட்டில்.
காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த நேசமலர்
(பெயர் பிறகுதான் தெரியும்)
குந்தியிருந்து ரியூபைப் பார்த்தா.
"என்னகா இது, ஊசி மாதிரி வாய்?"
நுனியில் கடுகளவு திருகாணி;
நகத்தால் அவவே கழற்றினா.
புருசனின் கரியர் சைக்கிள் பம்ப்,
வட்டைக்கும் வாடிக்கும் மூட்டை சுமந்த சைக்கிளின் பம்ப்,
அந்தப் பிரெஞ்சு வாயில் ஏறி இறுகியது
அதற்கென்றே வார்த்தது போல.
"இவ்வளவு மெலிசு. இதில மூட்டை எப்படிகா ஏத்துற?"
"ஏத்துறதில்ல."
"மீன் பெட்டி?"
"இல்ல."
"மறுகா எதுக்கு?"
காற்று ஏறுகிற சத்தம் மட்டும்.
கச்சேரியில் எந்தக் கேள்விக்கும் ஒரு படிவம் உண்டு.
இதற்கு இல்லை.

மண்டூரில் தெரு
தண்ணீர் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.
அங்கிருந்து குருமண்வெளிக்குப் பாதை.
மிதவைமேல் பலகை அடித்த அதைப்
பாதை என்றுதான் சொல்கிறோம்;
எஞ்சினியரிடம் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன்.
உங்கள் ஊரில் பாதையில் போவார்கள்,
எங்கள் ஊரில் பாதையே போகும்.

மோட்டார் சைக்கிள் மூன்று, தயிர் முட்டிகள்,
கயிற்றோடு ஒரு கிடாரிக் கன்று, நான்.
சில்லு சுழலவில்லை.
கைபேசி வரைபடத்தில் மட்டும்
நீலத்துக்குக் குறுக்கே என் கோடு
மணிக்கு நாலு கிலோமீற்றரில் நீண்டது.
காசு வாங்குகிறவன் வந்தான்.
"ஆளுக்கு இருபது. சாமான் ஏத்துற சைக்கிளுக்குப் பத்து."
மெலிந்த தண்டையும் வெறும் பின்புறத்தையும்
ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.
"இதில ஒண்டும் ஏத்துறதில்லையா?"
"ஒண்டும் இல்ல."
"அப்ப விடுங்க" என்று
தயிர்க்காரரிடம் போய்விட்டான்.