எண் 9, எண் 23

பீலெஃபெல்ட் என்றொரு ஊரே கிடையாது என்பது
இந்த நாட்டின் பழைய கேலி.
கிடையாத ஊரில்தான் மூன்று வருடமாக
வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.
முதலாண்டு மாணவர்களுக்கு
இன்மைக் கருதுகோளை இப்படித்தான் தொடங்குவேன்:
ஊர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.
அப்படியானால் இன்று நான்காம் எண் டிராமில்
என் காலை மிதித்தவர் எவ்வூர்?
சிரிப்பார்கள்.
தேர்வில் தப்பாகவே எழுதுவார்கள்.

எங்கள் ஆய்வு சின்னது.
தனிமையை அளக்க இருபது கேள்விகள்,
ஒன்றிலிருந்து நான்குக்குள் வட்டமிட வேண்டும்.
பத்து வாரம், வியாழன்தோறும்,
ஸ்பாரன்பர்க் கோட்டைக்கு அப்பால்
காட்டுக்குள் ஒரு கூட்டு நடை.
நடக்குமுன் ஒரு தாள், நடந்து முடித்தபின் ஒரு தாள்.
நடக்காத குழு ஒன்றும் வேண்டும்தான். பணமில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு
ஒரு சோறு போதாதா என்றார் அப்பா, தொலைபேசியில்.
இவர்கள் ஒரே உலையில் வெந்தவர்களா, அப்பா?
முப்பத்துமூன்று பேரை எடுத்து நசுக்கிப் பார்த்தோம்.

முப்பத்தொருவர் இரண்டாம் தாளும் எழுதினார்கள்.
இணை டி சோதனை கறாரான பேர்வழி:
பின்தாள் தராதவரின் முன்தாளை
அது கையால்கூடத் தொடாது.
எண் 9. எண் 23.
இரண்டு வரிசைகளையும் நீக்க ஒரே விசை போதும்.

23ஐ எனக்கு நினைவிருந்தது.
லுட்கர் பிரிங்க்கோட்டர்,
பேக்கிங் பவுடர் ஆலையில் முப்பது வருடம் பொட்டலம் கட்டியவர்.
எங்கள் பேனாவை மறுத்து
சட்டைப்பையிலிருந்து தச்சன் பென்சிலை எடுத்தார்.
'யாரும் உடனில்லை என எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்?'
என்ற பதினோராம் கேள்விக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
'ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறீர்களா, மற்ற நாளையா?'
ஓரத்தில் எழுதுவதற்கு
எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

டி 1.94. கட்டின்மைக் கூறு முப்பது.
பி 0.062.

ஒரு வாலை மட்டும் பார்த்தால் 0.031, என்றாள் வீப்கே,
காபிக் கோப்பையைப் பார்த்தபடி.
இரண்டு வால் என்று போன மார்ச்சிலேயே பதிவு செய்தாயிற்று.
முகத்தைப் பார்த்தபின் வாலை நறுக்கலாமா?
அவள் கோப்பையைக் கழுவினாள், வெகுநேரம்.

வேறுபாடு இல்லை என்று பொருளில்லை.
இருக்கிறது என்று சொல்லக்
கையில் போதுமானது இல்லை, அவ்வளவுதான்.
அந்த 'அவ்வளவுதான்'
அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகொரு வியாழன், ஓபர்ஸே ஏரிக்கரை.
பாலத்தின் மேல் ஹாம் போகும் ரயில்,
கீழே பெஞ்சில் ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.
அம்மா, உங்களுக்கு நான் ஒரு தாள் பாக்கி.
கடைசி நடையன்று வழி தவறிவிட்டோம்.
வேண்டுமென்றே, என்றார் பக்கத்திலிருந்த பெண்.
பெயர் ரோஸ்வித்தா.
என் பட்டியலில், எண் 9.

பையில் வெற்றுப் படிவம் இருந்தது.
நீட்டியிருக்கலாம்.
பத்தாம் வாரம் போய் இது பதினான்காம் வாரம்;
இன்று போடும் வட்டம் வேறொன்றை அளக்கும்.
நல்ல வெயில் என்று மட்டும் சொன்னேன்.
வெயில் இல்லை.

அறிக்கையில் பி 0.062 ஆகவே இருக்கிறது.
'இடையில் விலகியோர்: இருவர்.'
விடுபட்டது தற்செயலா, அல்லவா
என்றொரு வரி எழுதியாக வேண்டும்.
அல்ல, என்று எழுதினேன்.

ஆதாரம்? என்றாள் வீப்கே.
ஒரு பிளாஸ்க், என்றேன்.
குடிக்க ஒரே ஒரு மூடி.