பிடிபட்டவை

மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ்,
ரப்பர் பூட்ஸ், முனையில் கொக்கி வைத்த கம்பி.
இவ்வளவோடு தொடங்கினேன்.
பள்ளிக்கரணையில் தண்ணீர் கேன் போடுகிறவன்.
எல்லா மாடியும் தெரியும், எல்லா நாயும் தெரியும்.

முதல் அழைப்பு சித்தாலப்பாக்கம்,
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்.
ஏ பிளாக் வசுமதி வீடியோ எடுத்தபடியே
"மலைப்பாம்புதானே?" என்றாள்.
வாட்ச்மேனும் அப்படி நினைத்துத்தான்
துடைப்பத்தால் தள்ளியிருக்கிறார்.
முதுகில் மூன்று வரிசைச் சங்கிலி.
கண்ணாடி விரியன்.

குக்கர் போலச் சீறும் என்றார்கள் வகுப்பில்.
எனக்கென்னவோ
லோடு ஏற்றிய தண்ணி லாரி
மேட்டில் நின்று ஏர் பிரேக் விடுகிற சத்தம்.
விட்டுக்கொண்டே இருந்தது.
தீரவேயில்லை அந்தக் காற்று.

கம்பி நடுங்கியது. நான் இல்லை, கம்பி.
ஐந்தாவது முறை டிரம்முக்குள் போனது.
நீல டிரம், திருகு மூடி.
மூடியில் பன்னிரண்டு ஓட்டை,
ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி நானே போட்டவை.
காற்றில் என்ன கஞ்சத்தனம் என்று
கொஞ்சம் பெரிதாகவே.

"வண்டி இல்ல, காலைல கொண்டாங்க"
என்றார் வனக்காப்பாளர் இம்மானுவேல்.
"ராத்திரி மட்டும் வெச்சிருங்க.
வளர்த்தா கேஸு, தெரியும்ல?"

ஒரு ராத்திரி வளர்த்தேன்.
பாத்ரூமில்.
தமயந்தி கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்தாள்.
டியூப்லைட் ஓரத்துப் பல்லியைப் பார்த்து
தினமும் கத்துகிறவள்,
பாலில் விழுந்தால் விஷம் என்று சாதிக்கிறவள்,
அன்று அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உள்ளதைச் சொன்னால்
திருப்பிக் கொடுக்க மனமில்லை எனக்கு.
ஸ்டூலைப் போட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து
பேர்கூட யோசித்தேன்.
உள்ளே ஏதோ உரசிக்கொண்டிருந்தது.
என்னை நினைத்துத்தான் தூக்கமில்லை போல
என்று எண்ணிக்கொண்டேன்.

நாலு மணி. கேன் ஏற்றும் நேரம்.
விளக்கைப் போட்டால்
மூடியின் ஓட்டையிலிருந்து
ஒரு சுண்டுவிரல்
வெளியே வந்து நாக்கை நீட்டியது.

விரியன் முட்டையிடாது, குட்டி போடும்.
இரண்டாம் நாள் பாடம்.
நான் அப்போது வெளியே நின்று
கேன் பாக்கியைப் போனில் வசூலித்துக்கொண்டிருந்தேன்.

டிரம்முக்குள் இருபத்தொன்பது.
வாளிக்குப் பின்னால் இரண்டு.
சோப்பு டப்பாவில் ஒன்று, சுருண்டு,
சோப்பைவிட அமைதியாக.
நகம் அளவுத் தலை,
அம்மாவின் அதே சங்கிலி,
பிறந்த கையோடு விஷம்.
பால் குடித்து வளர வேண்டிய அவசியமில்லை,
யாரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை.
தாயோ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணுன்னீங்களே?" என்றார் இம்மானுவேல்.
படிவத்தில் ஒன்றை அடித்து முப்பத்து மூன்று என்று எழுதினார்.
"போட்டது எத்தனை?"
தெரியாது சார்.
அவர் பேனாவை மூடினார்.
பிடிபட்டவை என்றுதான் கட்டம் இருக்கிறது,
பிறந்தவை என்று இல்லை.

பாத்ரூமை மூன்று தடவை கழுவினேன்.
சாக்கடை மூடிக்குக் கல் வைத்தேன்.
வாஷிங் மெஷினை நகர்த்தி
அடியில் டார்ச் அடித்தேன்.
தமயந்தி பெரம்பூரில், தங்கை வீட்டில்.
நாலு நாளாகப் பல்லியைக் காணவில்லை.

விரியன் குட்டி பல்லி தின்னும்.
மூன்றாம் நாள் பாடம். இதற்கு இருந்தேன்.

போனில் கேட்டாள்: "நெஜமா ஒண்ணுமில்லையா?"
"ஒண்ணுமில்ல. வா."
சொல்லிவிட்டுக் காதைத் தீட்டினேன்.
எப்போதும் இந்த இடத்தில் அது கத்தும்,
"பாத்தியா, பல்லியே சொல்லுது" என்று
அவள் விரலால் தரையைத் தட்டுவாள்.

மேலே டேங்கில் தண்ணீர் நிறைகிற சத்தம்.
பிறகு அதுவும் நின்றது.

இன்னொரு அழைப்பு. மேடவாக்கம்,
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்.
கம்பியை எடுத்துக்கொண்டேன்.
டிரம் மூடி புதிது. ஓட்டைகளில் கொசுவலை.
பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன்.
இடது காலுடையதை
இரண்டு முறை.