விதைக்கு விட்ட பரங்கி

சித்திரை பிறக்கும்போது எங்களுக்கு இலையுதிர்காலம்.
பஞ்சாங்கம் இளவேனில் என்கிறது.
இனாண்டா சரிவில் அவரைக்கொடி
கயிறாய்க் காய்ந்து
காற்று வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை ஆட்டுகிறது.

கரும்புக்குத் தீ வைத்துவிட்டார்கள்.
கரிச்சருகு சுருள்சுருளாய் இறங்கி
பாயில் உலரும் கத்தரி விதைமேல் உட்காருகிறது.
ஊதித் தள்ளமாட்டேன்.
சாம்பல் பட்ட விதையை வண்டு தொடாது.

தக்காளிச் சாறு ஜாடியில் மூன்று நாளாய்ப் புளித்து
நுரைகட்டி நாறுகிறது.
"பிரிட்ஜ் பக்கத்தில் வைக்காதே" என்று
தனபாலன் நான்காம் முறை சொல்லிவிட்டார்.
இந்த மின்வெட்டில்
எது பிரிட்ஜ், எது அலமாரி?

கரண்ட் பில் வரும் உறைகளில்தான் விதை போடுவேன்.
முன்பக்கம் பாக்கித்தொகை,
பின்பக்கம் என் கையெழுத்து.
வரிப்பீர்க்கு. முள்ளில்லாக் கத்தரி.
தாண்டேக்கா தந்த புள்ளிப்பயறு;
அவள் சொன்ன பெயர் என் எழுத்துக்குள் நிற்கவில்லை,
படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஓர் உறை மட்டும் காலி.

வெள்ளம் வந்த ஏப்ரலில் கீழ்வயலே போனது.
பரங்கியில் ஒரு கொடி
வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது.
அதன் வம்சம்தான் பிறகு காய்த்ததெல்லாம்.
இந்த வருஷம் குரங்குகள் மிச்சம் வைத்தது
ஒன்றே ஒன்று.
எட்டு மடிப்பு, பச்சைத் தோலில் சாம்பல் பூத்தது.
காம்பில் சிவப்புத் துணி கட்டினேன்.
சிவப்பென்றால் விதைக்கு.
விற்கக் கூடாது, தின்னக் கூடாது.
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

யுகேந்திரனுக்கும் தெரியும்.
ஆனாலும் சனிக்கிழமை வெருலம் சந்தையில்
பக்கியின் பின்கதவைத் திறந்து
அதையும் விற்றுவிட்டு வந்தான்.
"துணி அவிழ்ந்து கிடந்ததும்மா.
புத்தாண்டுப் படையலுக்காம்.
நூற்றிருபது ராண்ட் கொடுத்தாங்க."

அவனுக்கு ஞாபகம் இருந்தது
வெள்ளைச் சீருடையும்
நெஞ்சில் குத்திய விசாலாட்சி என்ற பெயரும்.
இரண்டு கிளினிக், ஒரு வாட்ச்மேன்,
மூன்றாம் நாள் ஃபீனிக்ஸில் அந்த வீடு.

கதவு திறந்ததும் பட்டை மணம்,
வெந்த பரங்கி மணம்.
காய்க்காக வரவில்லை,
உங்கள் குப்பைக்காக வந்திருக்கிறேன் என்று
முன்பின் தெரியாதவளிடம் எப்படிச் சொல்வது?
சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.
பாதி விதையை உப்புப் போட்டு வறுத்து
டிவி முன்னால் வீட்டுக்காரர் முடித்திருந்தார்.
மீதி, ஜன்னலோரம், பழைய பேப்பரில்
ஒரு ரக்பி ஆட்டக்காரன் முகத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது.
"இவ்வளவு நல்ல காய். எறிய மனசு வரல்லே."

எண்ணினோம். முப்பத்தொன்று.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே பருப்பு இருந்தவை இருபத்தாறு.

அத்தனையையும் என் பக்கம் தள்ளியவள்
நான்கை மட்டும் ஒரு விரலால்
திரும்ப இழுத்துக்கொண்டாள்.
"பின்னால உடைஞ்ச பாத்டப் ஒண்ணு கிடக்கு."

சுருக்கென்றது எனக்கு.
பாத்டப்பிலா? பக்கத்து வீட்டுப் பரங்கி பூத்தால்
தேனீ வேலி பார்க்குமா,
அடுத்த வருஷம் இது இதுவாக இருக்குமா?
சொல்ல வாயெடுத்தேன்.
பழுப்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது.
ஒரே ஒரு வேலிக்கம்பி.

"செப்டம்பரில் போடுங்க" என்றேன்.
"மழைக்கு முன்னாடி."

திரும்பும் வழியில்
ஐஸ்கிரீம் டப்பா நிறைய அவள் கொடுத்த கறி
யுகேந்திரன் மடியில்.
ரோபோ என்று இங்கே சொல்லும் விளக்கில்
சிவப்பு விழுந்தது.
"நல்லா இருக்கும்மா" என்றான், விரலை நக்கிக்கொண்டு.

இத்தனை வருஷத்தில் கொடியின் சிறந்த காயை
நாங்கள் ஒருநாளும் தின்றதில்லை.
இரண்டாந்தரம்தான் எங்கள் வீட்டுப் பரங்கி,
அதுதான் பரங்கியின் ருசி என்று இருந்தோம்.

ஒரு வாய் போட்டேன்.
மறு வாய்க்குக் கை நீட்டியபோது
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
அவன் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.