துலி, தூலி, துல்லி

துலி என்றால் நெருப்பு.
தூலி என்றால் காற்று.
துல்லி என்றால் சுங்கச்சாவடி.
எங்கள் ஃபின்னிஷ் மொழியில்
ஒரு மாத்திரை வழுக்கினால் போதும்,
அடுப்படியில் இருந்தவர் நாட்டின் எல்லையில் நிற்பார்.

முப்பத்தோரு ஆண்டுகளாக
வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு
இந்தச் சொற்களை எதிரில் இருப்பவர்களிடம்
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
உதட்டைப் பார்க்கக் கூடாது. அது விதி.
பார்த்துவிட்டால் கேட்டதாகாது.

கயானி மருத்துவமனை, இரண்டாம் தளம்.
ஜனவரி. ஒன்பதரை ஆகியும் ஜன்னல் கறுப்பு.
சாந்தெரி தனியாகப் பேருந்தில் வந்திருந்தார்.
வயது முப்பத்தேழு, ஓட்டல் சலவையறையில் வேலை.
பனிக்காலணிகளைக் கழற்றி
நுனி வாசலைப் பார்க்க
ஒட்டி ஒட்டி வைத்தார்.

அவர் கோப்பு தடிமன்.
ஐந்து வயதில்: சொன்னது புரிவதில்லை.
ஏழில்: ஒத்துழைப்பு இல்லை.
பதினொன்றில்: பிடிவாதம்.
ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும்
டவுன் சிண்ட்ரோம் என்பது
விடை போல உட்கார்ந்திருந்தது.
விடை இருக்கும்போது
காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க
யாருக்குத் தோன்றும்?
பதினாலு வயதில் யாரோ அடித்துப் பார்த்து எழுதினார்:
இரு செவிப்பறைகளுக்குப் பின்னும் கோந்து போல நீர்.

அதுவரை அவரை வந்தடைந்த பேச்சில்
உயிர் இருந்தது, மெய் இல்லை.
க, ச, த, ப எல்லாம் வழியிலேயே பறிபோய்
ஆ, ஊ, ஏ மட்டும் வீடு வந்து சேர்ந்திருக்கின்றன.
அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை
எதற்கு ஒத்துழைக்க வேண்டும்?

ஏழு வயதுக் குறிப்பின் கையெழுத்து
சாய்வாக, அவசரமாக இருந்தது.
இரண்டு முறை பார்த்தேன்.
என்னுடையது.

குழந்தைகளுக்கான புனல்தான் அவர் காதில் நுழைந்தது.
அரிசி மணி அளவில் மூன்று மெழுகுத் துண்டுகள் எடுத்தேன்.
தலையைச் சாய்த்தார், நிமிர்த்தினார்.
"உங்க நாற்காலி கத்துது."
அதில் நான்தான் தினமும் உட்காருகிறேன்.
எனக்குக் கேட்டதில்லை.

பிறகு சோதனை.
துலி என்றேன். "காற்று."
துல்லி என்றேன். "நெருப்பு."
அடுத்தது. அடுத்தது.
ஆறாவதில் அவர் கையை உயர்த்தினார்.
"காகிதத்தை எடுங்க."
விதி, என்றேன்.
"சலவையறையில பதினாறு மெஷின் ஓடும்.
யாரும் வாய்க்குக் காகிதம் வச்சுக்கிறதில்ல."
எந்த மெஷினில் உருளை தளர்ந்திருக்கிறது என்று
கதவில் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவாராம்.
பெருமையாகச் சொல்லவில்லை.
பேருந்து எண்ணைச் சொல்வது போலச் சொன்னார்.

எழுந்து வந்து
என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டார்.
பென்சிலையும்.
"இப்ப நீங்க."

மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னார்.
சின்ன வாய், அதில் இடம் போதாத நாக்கு.
முதல் எழுத்து பனியில் புதைந்திருந்தது,
நடுவில் ஒரு நெடில் மட்டும் தெளிவு.
காற்றா?
பெருக்கல் குறி போட்டார்.
மறுபடி சொன்னார். காற்றுதானே?
இன்னொரு பெருக்கல் குறி.
எனக்கு வியர்த்தது, ஜனவரியில்.
ஒத்துழைக்க மாட்டேன் என்று
ஏழு வயதுப் பிடிவாதம் ஒன்று
முதுகுத் தண்டில் ஏறியது.

மூன்றாம் முறை
காகிதத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.
உதடு குவிந்தது, நீண்டது,
நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது,
கடைசியில் வாய் அகலத் திறந்தது.

தூலா.

என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையை
அவர் படித்திருக்கிறார்.

காகிதமின்றி மீண்டும் தொடங்கினோம்.
இருபத்தைந்தில் இருபத்திரண்டு.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்,
சாய்வில்லாமல்.